யாரைக் கேட்டு எழுதினார்கள்?

(சேரப்பணஞ்சேரி வாசகசாலையில் ஒரு சனிக்கிழமை மாலை செய்த சொற்பொழிவின் சாரம்)



வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் நம்மவர்கள் படிப்பதற்கு உருப்படியான விஷயம் எது என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். அரசியலாயிருந்தாலும் சரி, சமூகமாயிருந்தாலும் சரி, சமூகத்தைப் பற்றிய ஆராய்ச்சியாயிருந்தாலும் சரி, படித்தவன் மூளைக்குக் கொஞ்சம் வேலை கொடுப்பதாயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நம் நாட்டில் வாரக் கடைசியில் அதிகம் பேர் படிக்கிற விஷயம் எது என்று உங்களுக்கே தெரியும். வாரபலன்.

உலகத்தில் இன்று 800 கோடிக்கு மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். ராசியோ பன்னிரண்டுதான். ஆகவே ராசி ஒன்றுக்குச் சுமார் 66 கோடிப் பேர் ஆகிறார்கள். இந்த 66 கோடிப் பேருக்கும் சேர்த்து "எதிர்பாராத தனவரவு உண்டு" என்று ஒருவன் எழுதிவிடுகிறான். ஒரகடத்தில் இரவு ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது "நாளை முதல் வரவேண்டாம்" என்று காண்ட்ராக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தவனுக்கும் தனவரவு. அப்படிச் சொன்ன காண்ட்ராக்டருக்கும் தனவரவு! இதை எழுதினவன் யாரையாவது போய்க் கேட்டு எழுதினானா? இல்லை. யாரையும் கேட்காமல் எழுதினால் அது ஜோசியம். கேட்டு, எண்ணி, ஒத்துப் பார்த்து எழுதினால் ஆராய்ச்சி. இவ்வளவு வித்தியாசம் யாருக்கும் தெரிந்ததே. ஆனால் "கேட்டு எழுதினேன்" என்று சொல்லுகிறவனையும் நாம் சும்மா விட்டுவிடக் கூடாது. யாரைக் கேட்டாய், என்ன கேட்டாய் என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு ஒரு காலேஜ் மாணவர் அச்சடித்த பாரங்களோடு வந்தார். நல்ல பிள்ளை; வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பெரிய தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர், "வீடு வீடாக ஏன் தம்பி அலைகிறாய்? இந்த ஊரில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? நீ கேள், நான் சொல்லுகிறேன்" என்றார். மாணவரும் சம்மதித்துவிட்டார். காலனியில் இருப்பவர்களைப் பற்றிய கேள்வி வந்தபோது, "அவர்களுக்கென்ன குறை? நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம்" என்று பதில் வந்தது. தீண்டாமை உண்டா என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதப்பட்டது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்களைக் கேட்காமல் எப்படி எழுதலாம் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அவர் வீட்டு மோரை நானும் குடித்திருந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பாரங்கள் ஏதோ ஒரு புத்தகத்தில் எண்ணிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அதைப் படிக்கிறவன் எங்கள் ஊரில் தீண்டாமை ஒழிந்துவிட்டது என்றுதான் நினைப்பான்.

இது ஏதோ ஒரு விளையாட்டுப் பிள்ளை செய்த தவறு என்று எண்ணிவிடாதீர்கள். மகா மேதாவிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

எல்லிஸ் துரை என்று ஒருவர் சென்னையில் கலெக்டராயிருந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய நமது மொழிகள் சமஸ்கிருதத்தின் வயிற்றில் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816-லேயே அச்சில் எழுதினவர் அவர். கால்டுவெல் புத்தகம் வருவதற்கு நாற்பது வருஷங்களுக்கு முன். அதற்காக நாம் அவருக்கு எவ்வளவு நன்றி செலுத்தினாலும் தகும். அதே எல்லிஸ் துரை, நமது தொண்டைமண்டலத்தில் நிலம் யாருக்குச் சொந்தம் என்று சர்க்கார் கேட்டபோது, மிராசு பாத்தியதை பற்றிய பதினேழு கேள்விகளுக்குப் பதிலாக ஒரு பெரிய நூலே எழுதினார். அது 1818-ல் அச்சாயிற்று. கல்வெட்டு, செப்பேடு, தர்ம சாஸ்திரம், பழைய பத்திரங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து எழுதிய அபாரமான வேலை. ஆனால் தோழர்களே! கேட்கப்பட்ட கேள்வி என்ன? மிராசுதாரனுக்கு என்ன பாத்தியதை என்பதுதானே? ஆகவே மிராசுதாரனுடைய பாத்தியதை தெரியவந்தது. சேற்றில் இறங்கி உழுதவனுக்கு என்ன பாத்தியதை என்று சர்க்கார் கேட்கவில்லை. உழுதவனிடம் பத்திரமுமில்லை, செப்பேடுமில்லை. எல்லிஸ் துரை பொய் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வியிலேயே ஒரு பாதி ஜனங்கள் விடுபட்டுப் போயிருந்தால், பதில் எவ்வளவு யோக்கியமானதாயிருந்தும் அவர்களுக்குப் பிரயோஜனமில்லை என்றுதான் சொல்லுகிறேன்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். சென்னை மியூசியத்தில் தர்ஸ்டன் துரை என்று ஒரு அதிகாரி 1885 முதல் இருந்தார். 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு வால்யூம் புத்தகம் போட்டவர். அவர் கையில் அளவு கோலையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு நம்மவர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் சாதியின் உயர்வு தாழ்வு தெரியும் என்று அக்காலத்துப் பெரிய மனிதர்கள் நம்பினார்கள். மனுவாவது தலை, தோள், தொடை, கால் என்று கதை சொன்னான். இவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்! ஆயிரக்கணக்கான மூக்குகளை அளந்த அந்தக் கைகள், அந்த மூக்குக்காரனுடைய கூலி எத்தனை படி நெல் என்று அந்த அளவுக்கு அக்கறையோடு அளக்கவில்லை. ஆராய்ச்சி என்ற பெயரைக் கேட்டவுடன் கைகூப்பிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

நிற்க. இதே மண்ணில் வேறுவிதமான ஆராய்ச்சி ஒன்றும் நடந்தது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் 1997-ல் காஞ்சிபுரம் ஜில்லா பிரியும் வரையில் செங்கல்பட்டு ஜில்லாவாகவே இருந்தது என்பது இங்குள்ள பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்தச் செங்கல்பட்டு ஜில்லாவுக்குக் கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர் என்பவர் 1891-ல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். "செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய குறிப்பு" என்பது அதன் பெயர். எல்லிஸ் துரை அளவுக்கு இவர் பண்டிதர் அல்ல. ஆனால் எல்லிஸ் துரையை யாரும் கேட்கச் சொல்லாத ஒரு கேள்வியை இவர் கேட்டார். அது மிகவும் சின்னக் கேள்வி. "இந்த ஆதித்திராவிடன் குடியிருக்கும் குடிசை நிற்கிறதே, அந்த மனை யாருடையது?"

பதில் என்ன தெரியுமா? மிராசுதாரனுடையது. ஜில்லா ஜனத்தொகையில் சுமார் நாலில் ஒரு பங்காயிருந்த ஒரு சமூகத்தில் மிகப் பெரும்பாலோருக்குத் தாங்கள் படுத்துறங்கும் மண் சொந்தமில்லை. இந்த ஒரு சங்கதி தெரிந்தவுடன் மற்ற எல்லாம் விளங்கிவிடுகிறது. அவன் ஏன் கூலி உயர்த்திக் கேட்பதில்லை? கேட்டால் குடிசையைப் பிரிக்கச் சொல்லுவான். ஏன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை? அனுப்பினால் மாடு மேய்க்க யார் என்று கேட்பான். பிறகு குடிசையைப் பிரிக்கச் சொல்லுவான். "சோம்பேறிகள், முன்னேற ஆசையில்லாதவர்கள்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லி வந்த வியாதிக்கெல்லாம் வேர் மனைப் பத்திரத்தில் இருந்தது. அடிமை முறையைச் சட்டம் ஏற்றுக்கொள்ளாது என்று 1843-லேயே விதி செய்திருந்தும், கடன் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலமெல்லாம் ஒரே பண்ணையில் உழைத்துத் தீர்க்கும் வழக்கம் நடந்து கொண்டேயிருந்தது. சரி, சர்க்கார் தரிசு நிலம் கிடக்கிறதே, அதை விண்ணப்பம் போட்டு வாங்கிப் பயிர் செய்யலாமே என்றால், அங்கேயும் மிராசுதாரன் குறுக்கே நிற்பான். தர்காஸ்து விதிப்படி ஊர்த் தரிசில் முதல் உரிமை அவனுக்கு. தானும் பயிரிட மாட்டான், கேட்கிறவனுக்கும் விடமாட்டான். ஆதித்திராவிடன் கையில் ஒரு காணி வந்துவிட்டால் தன் வயலுக்கு ஆள் வரமாட்டான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த விவரங்களை ட்ரெமன்ஹீருக்கு முன்பே கௌடி, ஆண்ட்ரு என்ற இரண்டு பாதிரிமார்கள் பேசியும் எழுதியும் வந்தார்கள். அவர்களுக்கு மதத்தில் ஆள் சேர்க்கும் உத்தேசம் இல்லாமலில்லை. அது அவர்கள் தொழில். ஆனாலும் சேரிக்குள் நுழைந்து, குடிசைக்குள் உட்கார்ந்து, அந்த மனிதர்களையே கேட்டார்கள். நமது சாஸ்திரிகளும் சாமியார்களும் அந்த எல்லையைத் தாண்டக்கூட இல்லை. இதை ஒப்புக்கொள்ளுவதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அறிக்கை போனது. ரெவினியூ போர்டார் ஆட்சேபித்தார்கள். நிலைமை இவ்வளவு மோசமில்லை, கலெக்டர் மிகைப்படுத்துகிறார் என்றார்கள். மோசமில்லை என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்த் திண்ணைதான்! அப்படியிருந்தும் 1892 செப்டம்பர் 30-ந் தேதி சர்க்கார் உத்தரவு போட்டார்கள். கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுப்பதும், பின்னர் அதை மற்ற வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை போடுவதும் இங்கிருந்துதான் கிளைத்தது. பஞ்சமி நிலம், பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசுகிறோமே, அதற்கு வித்து இந்தச் செங்கல்பட்டு ஆராய்ச்சிதான்.

அந்த நிலங்கள் எங்கே போயின என்று கேட்டால் வயிறு எரியும். விற்கக்கூடாத நிலம் எப்படியெப்படியோ கை மாறியது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை என்ற ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்க ஆதித்திராவிட மக்கள் கிளம்பினார்கள். 1994 அக்டோபரில் அந்தப் போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் மாண்டார்கள். 1892-ம் வருஷத்து உத்தரவை நூறு வருஷம் கழித்து அமுலுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டதற்கு விலை இரண்டு உயிர். ஒரு பழைய அறிக்கையைப் படித்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்கட்டும். அந்த அறிக்கை இல்லாதிருந்தால், "எங்களுக்குக் கொடுத்தது" என்று கைநீட்டிக் கேட்க அவர்களுக்கு ஆதாரமே இருந்திராது.

ஒரு முறை போய்க் கேட்டால் போதாது, மறுபடியும் மறுபடியும் போக வேண்டும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணமிருக்கிறது. சென்னைச் சர்வகலாசாலையில் முதன்முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் 1916-ல் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அதில் ஒன்று நமக்கு அடுத்த காஞ்சிபுரத்தைத் தாண்டியுள்ள தூசி. மற்றொன்று தென்னாற்காட்டில் இருவேல்பட்டு. 1918-ல் புத்தகம் வந்தது. அதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. இருபது வருஷம் கழித்து வேறு ஆசிரியர்கள் அதே ஊர்களுக்குப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களிலும் போனார்கள், 2008-லும் போனார்கள். படியாள் முறை எப்படித் தேய்ந்தது, நிலக்காரன் பிடி எப்படித் தளர்ந்தது, ஊருக்கு வெளியே கிடைத்த வேலை அதற்கு எவ்வளவு உதவியது என்பதெல்லாம் ஒரே ஊரைத் தொண்ணூறு வருஷம் பார்த்ததால் தெரிகிறது. மகாபாரதத்தைப் பதினெட்டு நாள் கேட்க உட்காருகிற நம்மவர்கள் இதை ஒரு நாள் படிக்கலாம்.

இவையெல்லாம் கிராமத்துச் சங்கதி, இப்போது நம் ஊர் தொழிற்பேட்டை ஆகிவிட்டது, கம்பெனியில் சாதி ஏது என்று சில வாலிபர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்லுவதில் ஒரு பங்கு உண்மையிருக்கிறது. பண்ணையார் வாசலில் கைகட்டி நின்றவனுடைய பேரன் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ன சாதி என்று அந்த பஸ் கேட்பதில்லை. இது சாமானிய மாறுதல் அல்ல. பேட்டையைச் சபிக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் சாதி போய்விட்டதா இல்லையா என்பதை வாயால் சொன்னால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? சோதித்திருக்கிறார்கள்.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2005 அக்டோபர் முதல் 66 வாரங்கள் இங்கிலீஷ் பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களைப் பார்த்து 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு. ஒன்றில் மேல்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தாழ்த்தப்பட்டவர் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். எல்லாம் தனியார் கம்பெனிகள். "தகுதி, திறமை" என்று சதா ஜபிக்கிறவர்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்று என்று வைத்துக்கொண்டால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்குச் சுமார் இரண்டு. முஸ்லிம் பெயருக்குச் சுமார் ஒன்று. முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. காகிதத்தில் பெயரைப் பார்த்ததோடு சரி. தகுதி இருந்தது, அது கவரைப் பிரித்த மேஜையைத் தாண்டவில்லை.

அதைவிட என் மனதை வருத்திய சோதனை ஒன்று உண்டு. ஹாப், பாண்டே என்ற இரண்டு பெண்மணிகள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களைக் கூட்டி உட்காரவைத்துப் புதிர்ப் பாதை போட்ட தாள்களைக் கொடுத்தார்கள். உள்ளே புகுந்து வெளியே வர வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்ட பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சமமாகவே போட்டார்கள். பிறகு வேறொரு கூட்டத்தில், ஆரம்பிக்குமுன் ஒவ்வொரு பையனுடைய பெயரையும், தகப்பன் பாட்டன் பெயரையும், சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். அவ்வளவுதான். தாழ்ந்த சாதிப் பையன்கள் போட்ட கணக்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மூளை அதே மூளை. ரூபாய் அதே ரூபாய். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆஜர் பட்டியலில் சாதிப் பெயரோடு வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். பிறவியிலேயே புத்தி மட்டு என்று சொல்லி வந்தார்களே, அந்தப் புத்தியை மட்டுப்படுத்தியது எது என்று அந்த ஒரு ரூபாய்த் தாள் சொல்லிவிட்டது. 2004-ல் இது வெளிவந்தது. எத்தனை உபாத்தியாயர்கள் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம் வாசலுக்கே வருவோம். 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தார் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலையைப் பற்றி ஒரு விசாரணை வெளியிட்டார்கள். கல்யாணமான பெண்களை அங்கே வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று ஆள் சேர்க்கும் ஏஜண்டுகளும், முன்பு அங்கே உத்தியோகத்திலிருந்தவர்களும் சொன்னதாக எழுதினார்கள். கம்பெனியார் பாரபட்சம் காட்டுவதில்லை என்று மறுத்தார்கள். அதே வருஷக் கடைசியில், விளம்பரங்களில் விவாகத்தைப் பற்றிய பேச்சை எடுத்துவிடும்படி ஏஜண்டுகளுக்குச் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது. தோழர்களே! அந்த வாசலில் தாலியைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் நம்மூர்ப் பக்கத்துப் பெண்கள். அவர்கள் வீட்டில் வந்து சொல்லாமலா இருந்திருப்பார்கள்? நாமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்போம். பெண்ணுக்குக் கல்யாணம்தான் பிரதானம், வேலை கிடைக்காவிட்டால் போகட்டும் என்று சமாதானமும் சொல்லியிருப்போம். எங்கிருந்தோ வந்தவன் எழுதின பிறகே அது அநியாயமாக நமக்குப் படுகிறது. தாலி கட்டினால்தான் பெண்ணுக்குக் கௌரவம் என்று இங்கே. கட்டியிருந்தால் கூலி இல்லை என்று அங்கே. இரண்டுக்கும் நடுவில் அவள் எங்கே நிற்பாள்?

இப்போது சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1894-ம் வருஷத்து வெள்ளைக்காரன் காலத்து நில எடுப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2013-ல் புதுச் சட்டம் செய்து 2014 ஜனவரி 1 முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு நல்ல அம்சம். நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற விசாரணை நடத்தியாக வேண்டும். யார் யார் பிழைப்பு போகிறது என்று ஊருக்கு வந்து கேட்க வேண்டும். கிராம சபையைக் கலக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவன் மட்டுமல்ல, மூன்று வருஷமாக அந்த நிலத்தில் உழைத்துப் பிழைக்கும் கூலிக்காரன் குடும்பமும் குத்தகைக்காரன் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அச்சட்டம் சொல்லுகிறது. ட்ரெமன்ஹீர் தாமாகக் கேட்ட கேள்வியை இனி எந்த அதிகாரியும் கேட்டே தீரவேண்டும் என்று சட்டமாக்கியதுபோல் ஆயிற்று.

நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? தொழிலுக்காக நிலம் எடுக்க 1997-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதற்கும், ரோடுகளுக்கான 2001-ம் வருஷத்துச் சட்டத்துக்கும், ஆதித்திராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கும் 1978-ம் வருஷத்துச் சட்டத்துக்கும் அந்தப் புது விசாரணை பொருந்தாது என்று திருத்தம் செய்துவிட்டார்கள். 2019 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டார் அது செல்லாது என்றார்கள். அதே மாதமே சட்டசபையில் வேறொரு மசோதா நிறைவேற்றி உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூன் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அது செல்லும் என்று தீர்ப்புச் செய்தது. நஷ்டஈட்டுக் கணக்கு மட்டும் புதுச் சட்டத்துப்படியே கொடுக்கப்படுகிறது; அதை மறைத்துப் பேசுவது யோக்கியமல்ல. ஆனால் யாருக்கு நஷ்டம் என்று கண்டுபிடிக்கும் விசாரணை வேண்டாம் என்று தள்ளிவிட்டு நஷ்டஈட்டை மட்டும் வைத்துக்கொண்டால், பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவனுக்குப் பணம் போகும். நாற்று நட்டவளுக்கு என்ன போகும்? பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதும் இந்த 1997-ம் வருஷத்துச் சட்டப்படிதான் நடக்கிறது. இந்த ரஸ்தாவின் இரு பக்கமும் நீங்கள் பார்க்கும் தொழிற்சாலைகளில் பல 2014-க்கு முன்பே எழும்பிவிட்டன; ஆகவே அந்தத் திருத்தத்தின்மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால் அப்போது இங்கே யாராவது வந்து, பட்டா இல்லாதவர்கள் பெயரைக் கேட்டு எழுதினார்களா என்பதை இங்குள்ள வயதான தாய்மார்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சொன்னவர்கள் அப்படி யாரும் வரவில்லை என்றே சொன்னார்கள்.

இப்போது ஜனக்கணிதம் வருகிறது. 2027 மார்ச் 1-ந் தேதியை வைத்து எண்ணப்போவதாகவும், சாதியையும் கேட்டு எழுதப்போவதாகவும் 2025-ல் சர்க்கார் அறிவித்திருக்கிறார்கள். எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931-ம் வருஷத்தது. அதை வைத்துக்கொண்டு 1980-ல் மண்டல் கமிஷன் கணக்குப் போட வேண்டியிருந்தது. சாதியைக் கேட்டால் சாதி வளரும் என்று சில நல்லவர்களும், கேட்டால் தங்கள் பங்கு அம்பலமாகும் என்று சில கெட்டிக்காரர்களும் ஆட்சேபிக்கிறார்கள். நல்லவர்களுக்கு மட்டும் பதில் சொல்லுகிறேன். ஜுரமானியை வைப்பதால் ஜுரம் வருவதில்லை. பீகாரில் 2023-ல் எண்ணிப் பார்த்தார்கள். பிற்பட்டவர்களும் மிகப் பிற்பட்டவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 63 பேர் என்று தெரிந்தது. எந்த உத்தியோகத்தில் எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி கேட்க இனி யாரும் தயங்க வேண்டியதில்லை.

எண்ண வருகிறவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, தயவுசெய்து திண்ணைக்காரர் பதில் சொல்ல விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், ஆண்பிள்ளை முந்திக்கொண்டு "சும்மா இருக்கிறாள்" என்று சொல்லும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். நாலு மணிக்கு எழுந்து, மாடு பார்த்து, சோறாக்கி, ஷிப்டுக்குப் போகும் மூன்று பேருக்கு டப்பா கட்டி அனுப்பினவள் சும்மா இருக்கிறாளாம்!

படிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு அறிக்கை கையில் கிடைத்தால் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் முடிவைப் பார்த்துச் சந்தோஷமோ கோபமோ படாதீர்கள். பின்பக்கத்தைப் புரட்டி, எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தத் தெருவில் கேட்டார்கள், பெண்களைப் பெண்கள் கேட்டார்களா, முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேட்டார்களா என்று பாருங்கள். பழைய அறிக்கைகள் வேண்டுமானால் எழும்பூரில் கன்னிமாரா லைப்ரெரியும் சர்க்கார் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அங்கே போகிறவர்களை யாரும் விரட்டுவதில்லை. இங்கிலீஷ் தெரியாதே என்றால், தெரிந்த ஒருவர் படித்து வந்து இங்கே தமிழில் சொல்லட்டும். புராணப் பிரசங்கம் அப்படித்தானே நடக்கிறது?

கடைசியாக ஒரு காரியம். இந்த மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் சில கேள்விகள் எழுதியிருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மனை யார் பேரில் இருக்கிறது? பேட்டைக்கு நிலம் போனபோது உங்கள் வீட்டில் யாருக்கு வேலை போயிற்று? இப்போது கம்பெனியில் வேலை செய்கிறவர் நிரந்தரமா, காண்ட்ராக்டா? ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பத்துப் பேர் ஓர் அறையில் இருக்கிறார்களே, அவர்களுக்கு வாடகை எவ்வளவு? உங்கள் வீட்டை வாடகைக்கு விடும்போது முதலில் என்ன கேட்கிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம் தோழர்களில் சிலரே நெளிகிறார்கள், பார்க்கிறேன். பரவாயில்லை, மற்றவர்கள் பதிலோடு அதுவும் எழுதப்படட்டும்.

எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். வீட்டுக்குள் போய்க் கேட்க வேண்டும். யார் திண்ணையிலும் மோர் குடிக்கக் கூடாது. பெரிய தெருவுக்கு என் பேரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மற்றத் தெருக்களுக்கும், வடநாட்டுத் தொழிலாளிகள் இருக்கும் லைன் வீடுகளுக்கும் ஆள் வேண்டும். இந்தி தெரிந்தவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். தாய்மார்களில் நாலு பேர் அவசியம் வேண்டும். பேனா தலைவரிடம் இருக்கிறது.